நீ நிறுத்தி வைத்த கார்டு

தம்பி,

இதை உனக்கு மட்டும் தனியாக எழுதி அனுப்பியிருக்கலாம். வீட்டு விஷயத்தை அப்பா ஊருக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று நீ கோபப்படுவாய். படு. நீ அன்றைக்குப் போனில் பேசியது பாங்காக்கில் ஒரு டூர் பஸ் நிறைய ஆட்களின் காதில் விழுந்தது. சிவகிரி, வாசுதேவநல்லூர், ராஜபாளையம் என்று நம் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். ஊருக்குத் திரும்பி வந்து அவர்கள் எத்தனை பேரிடம் சொன்னார்களோ தெரியாது. ஆகையால் என் பதிலையும் நாலு பேர் படிக்கட்டும் என்று எங்கள் பூ வியாபாரிகள் சங்கத்து மாத இதழுக்குக் கொடுத்துவிட்டு, உனக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். இதில் உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. சங்கரன்கோவிலில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் யாரோ ஒரு பூக்கமிஷன் கடைக்காரன், நீ பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற யாரோ ஒரு பையன்.

போன வாரம் உன் கல்யாண வேலையெல்லாம் போனில் பேசி முடித்த பிறகு நீ ஒன்று சொன்னாய். அடுத்த மாதம் தாலி கட்டின கையோடு அந்தப் பெண் ஆபீஸ் வேலையாக ஜெர்மனிக்குப் போகிறாள், லீவு கிடைத்ததும் நீயும் பின்னால் போகிறாய், அதுவரை அவள் அங்கே தனியாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவளுக்கும் என் கிரெடிட் கார்டு கணக்குலயே அவ பேர்ல ஒரு ஆட்-ஆன் கார்டு எடுத்துட்டேன்பா. அவ அங்கன என்ன செலவு பண்ணுனாலும் எனக்கு இங்கன மெசேஜ் வந்திரும். எல்லாம் எனக்குத் தெரிஞ்சிரும்" என்றாய். நீ சந்தோஷமாகத்தான் சொன்னாய். நான் "சரி" என்று போனை வைத்தேன். அதே நாளில் கூரியரில் எனக்கும் உன் கணக்கில் ஒரு புதுக் கார்டு வந்து சேர்ந்தது, பழைய கார்டுக்குக் காலம் முடிந்ததாம். கவரைப் பிரிக்காமலே மேசை மேல் வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

பாங்காக் டூருக்கு நானும் உன் அம்மாவும் பெயர் கொடுத்தபோது நான் ரொக்கமாகக் கொண்டுபோகிறேன் என்றுதான் சொன்னேன். இடுப்பில் கட்டிக்கொள்ள உன் அம்மா ஒரு துணிப்பைகூடத் தைத்து வைத்துவிட்டாள். நீ சிரித்தாய். "அப்பா, அந்தக் காலம்லாம் போச்சு. கணக்கு என்னோடது, கார்டு உங்க பேர்ல வரும். எங்கன வேணும்னாலும் தேய்ச்சுக்கிடுங்க, பில்லு எனக்கு வரும்" என்றாய். கார்டு வந்த அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். மகனுடைய கணக்கில் அப்பன் பெயர். மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டைப்பையிலிருந்து எடுத்து எடுத்துக் காட்டினேன். பக்கத்துக் கடை அண்ணாச்சி அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "ஏவே, மகன் காசுல பாங்காக்கா? சரிதான். மதினியையும்லா கூட்டிட்டுப் போறீரு, அப்புறம் எதுக்குவே பாங்காக்?" என்று கேட்டார். ஏலத்துக்கு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஊரைப் பற்றி நம் ஆட்கள் என்ன நினைத்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். என் மகனும் அதையேதான் நினைப்பான் என்பது தெரியாமல் போயிற்று.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஏர்போர்ட்டில் இரண்டு காபி வாங்கிவிட்டுக் கார்டைப் பைக்குள் வைப்பதற்குள் உன் மெசேஜ் வந்தது: "காபி குடிச்சாச்சா?" உன் அம்மாவுக்குத் தாங்கவில்லை. "பிள்ளை கூடவே வாரது மாதிரி இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். படகில் போய் இறங்கின இடத்தில் பழச்சாறு குடித்தோம். "அப்பா, அங்கன ரேட்டு ஜாஸ்தி. ஏமாத்துதானுவ" என்று எழுதினாய். கடைத்தெருவில் உன் அம்மா வரப்போகிற மருமகளுக்கு ஒரு கைப்பை வாங்கினாள். "என்ன வாங்குனிய?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு அவள் எதைத் தொட்டாலும் "வேண்டாம், பிள்ளைக்கு மெசேஜ் போகும்" என்று கையை இழுத்துக்கொண்டாள். ஒரு ஐஸ்கிரீமுக்குக்கூட அப்படிச் செய்தாள். நீ கேட்டதெல்லாம் அக்கறையில்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பின்னாலேயே ஒருவன் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குத் தராசில் நிறுக்கக்கூட வராது. ஊர் சுற்ற எப்படி வரும்?

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. அது எங்கள் கல்யாண நாள். உனக்கு நினைவிருக்காது, எங்களுக்கும் அதைக் கொண்டாடிப் பழக்கமில்லை. ஆனால் நம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, அதை நீ பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாய். சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வரும்போது மல்லிகையோ பிச்சியோ கொஞ்சம் கட்டி, இலையில் சுருட்டி எடுத்து வருவேன். உன் அம்மா வாசலிலேயே வாங்கிக்கொள்வாள். "இன்னைக்குப் பூ என்ன விலை?" என்று கேட்பாள். நான் சொல்வேன். "யம்மாடி, அவ்வளவா!" என்று சொல்லிக்கொண்டே தலையில் வைப்பாள். நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சிக்கொண்டது என்றால் அவ்வளவுதான். நான் சினிமா வசனம் பேசத் தெரிந்தவன் இல்லை. சண்டை போட்டு முகம் பார்க்காமல் இருந்த நாளிலும் அந்தக் கேள்வி நின்றதில்லை. அந்த டூரில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "தலை சும்மா கெடக்கது என்னமோ மாதிரி இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

பூக்கடைக்காரன் வீட்டு விசேஷத்துக்கு வந்த பெண் யாரும் வெறுந்தலையோடு திரும்பக் கூடாது. அது நம் மரியாதை. பாங்காக்கில் பெரிய பூ மார்க்கெட் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கல்யாண நாளும் அதுவுமாக, பஸ்ஸில் கூட வந்த பெண்கள் எல்லோருக்கும் பூ வாங்கி வந்து, சாயங்காலம் ஹோட்டலில் உன் அம்மா கையால் கொடுக்க வைக்க வேண்டும், அவளுக்கு மட்டும் தனியாக ஒரு மாலை கட்டி வாங்க வேண்டும் என்று தோன்றியது. சொன்னால், "உங்களுக்கென்ன கிறுக்கா? பிள்ளை காசுல்லா" என்பாள். ஊருக்கு வந்ததும் அந்தத் தொகையை உனக்கு அனுப்பிவிட வேண்டும் என்று மனதில் முடிவு பண்ணிக்கொண்டுதான் கிளம்பினேன். வயிறு சரியில்லை, நான் ரூமில் படுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் நகைக்கல் கடை பார்க்க பஸ் ஏறினதும், ஒரு டாக்சியைப் பிடித்தேன். எனக்கு இந்த வயதில் இப்படி ஒரு துள்ளல் இருக்கும் என்று நானே நினைக்கவில்லை.

அந்த மார்க்கெட்டை உனக்கு எப்படிச் சொல்வேன்! ஆர்க்கிட் பூவை நாம் கீரை கட்டுகிற மாதிரி கட்டிக் குவித்திருந்தார்கள். மல்லிகை மொட்டைப் பொடித்த ஐஸில் புதைத்து வைத்திருந்தார்கள். நம் ஊரில் பிள்ளையாருக்குத் தவிர யாரும் சீண்டாத எருக்கம்பூவை அங்கே எடை போட்டு விற்றார்கள். அதைத்தான் மாலையில் நல்ல இடத்தில் வைத்துக் கோக்கிறார்கள். நாம் வாழைநாரில் கட்டுவோம், அவர்கள் நீளமான ஊசியில் கோக்கிறார்கள். ஒரு பெரிய கடையில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. வியாபாரம் பேசப் பாஷை எதற்கு? அவள் கால்குலேட்டரில் ஒரு தொகையை அடித்துக் காட்டினாள், நான் அதை வாங்கி வேறொன்று அடித்தேன், அவள் தலையில் கையை வைத்துச் சிரித்தாள். பஸ்ஸில் வந்த பெண்களுக்கெல்லாம் சேர்த்து மல்லிகைச் சரமும் ஆர்க்கிட்டும் இரண்டு அட்டைப் பெட்டியில் கட்டச் சொன்னேன். கார்டைத் தேய்த்தாள், பணம் போய்விட்டது. அதற்குப் பிறகு போனில் உன் அம்மா படத்தைக் காட்டி, கழுத்தைத் தொட்டு, மாலை என்று சைகை செய்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. மொட்டு மொட்டாகப் பொறுக்கி எடுத்து, நடுவில் ரோஜா வைத்து, எனக்குக் காட்டிக் காட்டிக் கோத்தாள். நான் நின்று பார்த்தேன். நானும் எத்தனையோ கல்யாண மாலைக்கு ஆர்டர் எடுத்திருக்கிறேன், எனக்காக ஒருவர் உட்கார்ந்து கட்டி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாலை முடிந்தது. கார்டைக் கொடுத்தேன். மெஷின் வேண்டாம் என்றது. துடைத்துவிட்டு மறுபடி போட்டாள், மறுபடியும் வேண்டாம் என்றது. கையில் இருந்த அந்த ஊர்ப் பணம் டாக்சிக்குத்தான் காணும். உனக்குப் போன் போட்டேன், நீ வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாய். மறுபடி போட்டேன், அப்பவும் அப்படித்தான். யாருடன் பேசிக்கொண்டிருந்தாய் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டு போ என்று கையை ஆட்டினாள். ஓசியில் வாங்கின மாலையை உன் அம்மா கழுத்தில் போட எனக்கு மனம் வருமா? வேண்டாம் என்று வைத்துவிட்டும் வர முடியாது. ஒருத்தர் பேரைச் சொல்லிக் கட்டின மாலையை இன்னொருத்தருக்கு விற்க மாட்டோம், கல்யாணமே நின்றுபோனாலும் ஆர்டர் கொடுத்தவன் எடுத்தாக வேண்டும். நம் மார்க்கெட்டில் எத்தனை பேரிடம் இதைச் சொல்லிச் சண்டை போட்டிருப்பேன். அதனால் கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன். எனக்கு அறுபது நிறைந்தபோது நீ வாங்கிக் கொடுத்த வாட்ச். அவள் மாட்டேன் மாட்டேன் என்றாள், நான் விடவில்லை. ஊருக்கு வந்த பிறகு நீ கேட்டதற்குத் தொலைந்துபோயிற்று என்று சொன்னேனே, தொலையவில்லை. பாங்காக்கில் ஒரு பூக்காரி கையில் அது ஓடிக்கொண்டிருக்கும்.

டாக்சியில் ஏறின உடனே உன் அம்மா போன் வந்தது. "எங்கன இருக்கீய?" என்று கேட்டாள். குரலில் என்னவோ இருந்தது, எனக்கு உறைக்கவில்லை. மடியில் மாலை, பக்கத்தில் பூப்பெட்டி, நான் வேறு உலகத்தில் இருந்தேன். "ரூம்லதான் இருக்கேன். வயிறு இப்பம் பரவால்ல" என்றேன். "நானும் ரூம்லதான் நிக்கேன்" என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள். அந்த ஒரு பொய் என்னுடையது. அதை உன் தலையில் கட்ட மாட்டேன்.

மற்றது எல்லாம் உன்னுடையது. அதை எனக்கு மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில், டூரில் எங்களோடு வந்த சிவகிரி அண்ணாச்சி வரி விடாமல் சொன்னார். நீ போன் போட்டபோது அவர்கள் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். உன் அம்மாவுக்குக் காது மந்தம், எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். இது உனக்குத் தெரியும். "அம்மா, அப்பா எங்கன?" என்று கேட்டாய். "ரூம்ல படுத்திருக்காவ, வயிறு சரியில்லையாம்" என்றாள். "ரூம்ல படுத்திருக்க ஆளு எப்படிம்மா கார்டைத் தேய்ப்பாவ? இப்பந்தான் பெரிய தொகை போயிருக்கு. பாங்காக் எப்படிப்பட்ட ஊருன்னு உங்களுக்குத் தெரியாது. ஒத்தையில போயிருக்காவன்னா... நான் கார்டை பிளாக் பண்ணிட்டேன். நீங்க மொதல்ல போய் ரூமைத் திறந்து பாருங்க" என்றாய். பிறகு பின்சீட்டில் யாரோ சிரித்தார்களாம். சிவகிரி அண்ணாச்சி இட்லியைப் பிட்டுக்கொண்டே, "உம்ம மகன் கெட்டிக்காரன்வே. பெங்களூர்ல இருந்துக்கிட்டே அப்பனைப் புடிச்சிட்டானே" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

நான் ஹோட்டலுக்குள் நுழைந்தபோது எல்லாரும் கீழே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கையில் மாலை, டாக்சிக்காரன் கையில் இரண்டு பெட்டி. கல்யாண நாள் என்று சொன்னேன். பூ வாங்கப் போனேன் என்று சொன்னேன். அவர்கள் பூவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். தம்பி, நான் வாழ்நாள் முழுக்கப் பூ விற்றவன். எப்போதும் கொஞ்சம் வாங்குகிறவன் ஒருநாள் வந்து அள்ளி வாங்கினால், அவன் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். குடித்துவிட்டு வருகிறவன் வாங்குவான். வேறு எங்கேயோ போய்விட்டு வருகிறவன் அதைவிடக் கூட வாங்குவான், விலை கேட்க மாட்டான். அவன் போன பிறகு நாங்கள் கண்ணைக் காட்டிச் சிரிப்போம். அன்றைக்கு அந்தக் கூடத்தில் நான் அந்த ஆளாக நின்றேன். மனம் நிறைந்து வாங்கின பூ, செய்யாத தப்புக்குச் சாட்சியாக ஆகிவிட்டது. உன் அம்மா எழுந்து வந்தாள். பெட்டியை வாங்கினாள். ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் கையாலேயே கொடுத்தாள், ஒருத்தியையும் விடவில்லை. தனக்கு மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. மாலையை ரூமுக்குக் கொண்டுபோய்த் திரைச்சீலைக் கொக்கியில் மாட்டினாள். நான் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். பில்லைக் காட்டினேன், பில் அந்த ஊர் எழுத்தில் இருந்தது. "நீங்க சொன்னா சரி" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே நீ எனக்குப் போன் பண்ணினாய். "சாரிப்பா, யாரோ கார்டைத் திருடிட்டானுவன்னு நெனைச்சு பயந்துட்டேன்" என்றாய். நானும் சரி என்று விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறேன். திருடன் என்று நினைத்திருந்தால் நீ முதலில் யாருக்குப் போன் போட்டிருப்பாய்? கார்டு வைத்திருக்கிற எனக்கு. நீ எனக்குப் போடவில்லை, உன் அம்மாவுக்குப் போட்டாய். உனக்கு வந்த மெசேஜில் இடமும் தொகையும் இருந்தது, மீதியை நீயே எழுதிக்கொண்டாய். உன் அப்பனைப் பற்றி எழுதுவதற்கு உனக்கு அந்த ஒரு கதைதான் கிடைத்தது.

நீயும் ஒரு காலத்தில் என் கணக்கில் இருந்தவன்தான். காலேஜ் படிக்கும்போது ஒருநாள், எனக்குத் தெரியாமல், பக்கத்துக் கடையில் என் பேரைச் சொல்லி ஒரு மூட்டை ரோஜா எடுத்துப் போனாய். ஓணத்துக்கு முந்தின சமயம், பூவெல்லாம் கேரளாவுக்குப் போய் ரோஜா கிடைக்காத நேரம். அந்த அண்ணாச்சி ஏலக் கூட்டத்துக்கு நடுவில் வந்து, "ஏவே, உம்ம பையன் வந்து ஒரு மூட்டை தூக்கிட்டுப் போனானே, நீர் சொல்லித்தானா?" என்று சத்தமாகக் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது. நீ தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய், உன் முகம் வெளுத்துப் போயிருந்தது. "நாந்தான் எடுக்கச் சொன்னேன். என் கணக்குல போடும்" என்றேன். ஒரு நொடி யோசிக்கவில்லை. மார்க்கெட்டில் என் பேரைச் சொல்லி எடுக்க நான் ஒருத்தனை விட்டிருக்கிறேன் என்றால், கூட்டத்தில் வைத்து அவனை விட்டுக்கொடுக்க மாட்டேன். கேட்க வேண்டியதை வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். நான் வீட்டிலும் கேட்கவில்லை. காலேஜ் விழாவுக்கா, ஒரு பெண்ணுக்கா, விற்றுக் காசாக்கினாயா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. உன்னை நான் அப்படி வைத்திருந்தேன்.

இப்போது நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்குக் கார்டு கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் ஒன்றுக்கு இரண்டு வழி இருப்பது நல்லது. பில் உன் தலையில் விடியும், அதனால் கேட்கிற உரிமையும் உனக்கு உண்டு. அதையும் மறுக்கவில்லை. ஆனால் உன் கார்டை மட்டும் நம்பி அவளை விமானம் ஏற்றாதே. அவள் சொந்தப் பேரில், சொந்தக் கணக்கில் ஒரு கார்டு அவளிடம் இருக்கட்டும், கொஞ்சம் ரொக்கமும் வேறு பையில் இருக்கட்டும். நான் வாட்ச்சைக் கழற்றி வைத்த மாதிரி அவள் வளையலைக் கழற்றி வைக்கக் கூடாது. எந்த ஊருக்குப் போகிறாள் என்று பேங்கில் முன்கூட்டியே சொல்லி வை. உனக்கு வருகிற மெசேஜ் அவள் போனுக்கும் போகும்படி செய்ய முடியுமா என்று கேள். நிஜமாகவே எவனாவது திருடினால் அவளும்தானே முதலில் அறிய வேண்டும்? எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, போகும் முன்பே முடிவு பண்ணுங்கள், போன பிறகு காபிக்கும் ஐஸ்கிரீமுக்கும் கணக்குக் கேட்காதே. எல்லாவற்றுக்கும் மேலே, உனக்குப் புரியாத ஒரு செலவு வந்தால், கார்டை நிறுத்துவதற்கு முன்னால் அவளைக் கூப்பிடு. அவளை மட்டும் கூப்பிடு. அவள் அம்மாவை அல்ல, அவள் கூட வேலை பார்க்கிறவளை அல்ல. அவள் எடுக்கவில்லை என்றால் மறுபடி கூப்பிடு. "நீதானா?" என்று கேள். ஆமாம் என்று சொன்னால் அதோடு விடு. எதற்கு என்று அவளாகச் சொன்னால் சொல்லட்டும். யாருக்குத் தெரியும், உனக்காகவே எதையாவது வாங்கிக்கொண்டு ஒரு கடையில் நின்றுகொண்டிருப்பாள்.

என்னடா, ஒரு கார்டு அரைமணி நேரம் வேலை செய்யாததற்கு அப்பா இவ்வளவு எழுதுகிறாரே என்று நினைப்பாய். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பாங்காக்கிலிருந்து வந்த பிறகு உன் அம்மா என்னிடம் பூ வாங்குவதில்லை. சண்டை இல்லை, முகம் சுளிப்பது இல்லை, சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள். வெளியே கிளம்பினால் மட்டும், "எங்கன போறிய?" என்கிறாள். முன்பு அதைக் கேட்டதே இல்லை. சாயங்காலம் நான் இலையை நீட்டினால், "வாங்கியாச்சு" என்கிறாள். தெருவில் கூடையில் பூ கொண்டுவருகிறவளிடம் காசு கொடுத்து வாங்கித் தலையில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். அந்தக் கூடைக்காரி தினமும் என் கடையில்தான் பூ எடுக்கிறவள். ஒருநாள் தராசு முன்னால் தயங்கித் தயங்கி நின்று, "அண்ணாச்சி, மதினி என்கிட்டல்லா வாங்குதாவ. நான் வேண்டாம்னு சொல்லவா?" என்று கேட்டாள். "கொடு தாயி, நல்ல பூவாப் பார்த்துக் கொடு" என்றேன். என் கடைப் பூதான் அவள் தலைக்குப் போகிறது. என் கையால் போகவில்லை.

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு என் மேல் சந்தேகம் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. அவ்வளவு பேர் முன்னால் அவளை ரூமைத் திறந்து பார்க்கச் சொன்னார்களே, அந்த வெட்கம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. அதைச் செய்தது அவள் பெற்ற பிள்ளை. அவளால் உன்னையும் வெறுக்க முடியவில்லை. நடுவில் என் பூ மாட்டிக்கொண்டது.

உன்னிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். இந்தக் கவரில் எனக்குக் கூரியரில் வந்த அந்தப் புதுக் கார்டைத் திருப்பி அனுப்புகிறேன், அதை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். அடுத்த மாதம் உன் கல்யாணத்துக்கு அந்த பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் வருவார்கள், பத்திரிகை வைத்தாகிவிட்டது. உன் மாலையையும் அந்தப் பெண்ணின் மாலையையும் பேர் சொல்லி நான்தான் கட்டச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒருநாள், நான் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, உன் அம்மாவுக்குப் போன் போடு. அவள் வழக்கம்போல ஸ்பீக்கரில்தான் போடுவாள், அடுத்த வீட்டுக்கும் கேட்கும். கேட்கட்டும். சுற்றி வளைக்காதே, திருடன் கதை சொல்லாதே. "அப்பா பூ வாங்கத்தாம்மா போனாவ, நாந்தான் தப்பா நெனைச்சுட்டேன்" என்று சத்தமாகச் சொல்லு.

சொல்லிவிட்டேன் என்று எனக்கு மெசேஜ் அனுப்ப வேண்டாம். நான் உன்னைக் கேட்கவும் மாட்டேன். தினமும் சாயங்காலம் இலையில் பூவைச் சுருட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறேன், அவள் வாங்கியாச்சு என்றதும் அதைச் சாமி படத்துக்கு வைத்துவிடுகிறேன். என்றைக்கு அவள் வாசலில் வந்து நின்று, "இன்னைக்குப் பூ என்ன விலை?" என்று கேட்கிறாளோ, அன்றைக்கு எனக்கும் எல்லாம் தெரிந்துவிடும்.

உன் அப்பா